சின்ன இடத்தில் ஓடில்லா விதைப் பூசணி: எந்த ரகம் போடலாம்?

செத்தாப்பாக் மீனா

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீடு செத்தாப்பாக்கில், நடு லாட் டெரஸ். பின்கட்டில் சிமெண்டுத் தரை போக, சுவர் ஓரமாக நாலடி அகலத்துக்கு மண் இருக்கிறது. காலை ஒன்பது மணியிலிருந்து மதியம் மூன்று வரை நல்ல வெயில். அதில் பூசணி போடலாம் என்று பார்க்கிறேன். காய்க்காக இல்லை, விதைக்காக.

பேக்கரி சாமான் கடைகளில் கரும்பச்சையாக, ஓடே இல்லாமல் ஒரு பூசணி விதை விற்கிறார்களே, அதுதான். மாமியாருக்குப் பல் பிரச்சினை. சீனப் பெருநாள் சமயத்தில் வாங்கும் வெள்ளைக் குவாச்சியை, அதாவது ஓட்டோடு வறுத்த பூசணி விதையை, கடித்து உடைக்க முடியவில்லை. பச்சை விதை என்றால் அப்படியே மென்றுவிடுகிறார். ஓடில்லாமலே விதை பிடிக்கிற பூசணி ரகங்கள் இருப்பதாகப் படித்தேன். அவற்றில் கொடி அதிகம் ஓடாதது எது? நாட்டு லாபு (சந்தைப் பூசணி) போட்டால் பக்கத்து வீட்டுக் கூரையில் இருக்கும் ஆஸ்ட்ரோ டிவி தட்டு வரைக்கும் போய்விடும். அது வேண்டாம்.

இன்னொரு சந்தேகம். கடையில் விற்கிற அதே பச்சை விதையை மண்ணில் போட்டால் முளைக்குமா?

கிள்ளான் பாஸ்கர்

அக்கா, பேசாமல் லாபு மானிஸ் போடுங்கள். காய் கிடைக்கும், கொழுந்து கிடைக்கும், விதையை வறுத்து உரித்துக்கொள்ளலாம். வெளிநாட்டு ரகமெல்லாம் நம்ம ஊர் மழைக்கு நிற்காது.

செத்தாப்பாக் மீனா

உரிக்கிற வேலை வேண்டாம் என்றுதானே தம்பி இந்தக் கேள்வியே.

பாலிக் புலாவ் தோட்டம்

பாஸ்கர் சொல்வதில் பாதி சரி. எந்தப் பாதி என்று சொல்கிறேன்.

நம் சந்தையில் விற்கும் லாபு மானிஸ், மொஸ்காட்டா இனம். வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கும். ஓடில்லா விதை ரகங்கள் எல்லாம் பெப்போ இனம். சுக்கினியும் அதே இனம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரியாவின் ஸ்டிரியா வட்டாரத்தில், எண்ணெய்க்காக வளர்த்த பூசணியில் தற்செயலாக ஒரு மரபணு மாற்றம் ஏற்பட்டது. விதையின் கட்டை ஓடு மறைந்து, மெல்லிய பச்சைச் சவ்வு மட்டும் மிஞ்சியது. உடைக்கிற வேலை மிச்சம் என்று அங்கே அதையே தொடர்ந்து பயிர் செய்தார்கள். இன்று கிடைக்கிற ஓடில்லா ரகங்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை. ஸ்டிரியா பூசணி விதை எண்ணெய்க்கு 1996இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்பும் கொடுத்திருக்கிறது.

நமக்குச் சிக்கல் இரவுச் சூடு. கோலாலம்பூரில் ராத்திரியும் 24, 25 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. பெப்போ செடி அந்தச் சூட்டில் ஆண் பூவாகவே பூத்துக்கொண்டிருக்கும், பெண் பூ தாமதமாகும். ஈரம் கூடினால் இலையில் சாம்பல் பூத்துவிடும். கேமரன் மலையில் சுலபமாக வருவது தரைப் பகுதியில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஆனால் வராது என்று சொல்ல மாட்டேன், வரும். பயிர்க்காலம் குறுகியதாக, சாம்பல் நோய் தாங்குவதாக, பழம் சிறியதாக உள்ள ரகத்தைப் பார்த்து எடுக்க வேண்டும். கொடி நீளம் அதற்கு அப்புறம்தான்.

குவாச்சி ரசிகன்

கடை விதையைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தப் பச்சை விதையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஓட்டோடு விளைந்ததை ஆலையில் இயந்திரம் வைத்து உரித்தது. வெளிர் பச்சையாக, வழுவழுவென்று, ஓரத்தில் அங்கங்கே உடைந்து இருக்கும். இன்னொன்று நீங்கள் தேடுவது, ஓடில்லாமலே விளைந்தது. கரும்பச்சை, குண்டாக, நுனி உடையாமல் இருக்கும். நம் கடைகளுக்கு இரண்டுமே பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகின்றன.

இயந்திரத்தில் உரித்ததை நட்டால் அழுகும், அவ்வளவுதான். ஓடில்லாமல் விளைந்தது, வறுக்காததாக இருந்தால், சில முளைக்கலாம். ஆனால் அது எண்ணெய்க்கும் பருப்புக்கும் வயல் கணக்கில் போடுகிற ரகம். புதர் ரகமாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஆஸ்ட்ரோ தட்டு ஞாபகம் இருக்கட்டும்.

கெப்போங் கொடிமுந்திரி

ரகம் பற்றி யாராவது நேராகப் பேசுங்களேன். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், திருத்துங்கள்.

கக்காய்: ஜப்பானிய ரகம். ஆரஞ்சு நிறத் தோலில் கரும்பச்சைக் கோடு, பார்க்கவே அழகு. பாதிப் புதர் வளர்ப்பு. பழம் இரண்டரை முதல் மூன்றரை கிலோ, விதைத்ததிலிருந்து ஏறக்குறைய 100 நாள். விதை பெரிதாக, முழுக்க ஓடில்லாமல் இருக்கும்.

லேடி கோடைவா: அமெரிக்க வேளாண்துறை 1970களில் வெளியிட்ட பழைய ரகம். விதை நன்றாக இருக்கும், ஆனால் கொடி நீளம். மீனா அக்கா வீட்டுக்கு ஆகாது.

பெப்பிட்டாஸ்: 2016இல் அகில அமெரிக்கத் தேர்வுப் பரிசு வாங்கிய கலப்பினம். பழம் நாலைந்து கிலோ வரும். இதுவும் நன்றாக ஓடும்.

நேக்கட் பேர்: பழம் ஒன்று, இரண்டு கிலோ. சாம்பல் நோயை ஓரளவு தாங்கும். பந்தலில் ஏற்ற இதுதான் சௌகரியம்.

பேபி பேர் என்று இன்னொன்று விற்கிறது, பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். 1993இல் பரிசு வாங்கிய நல்ல குட்டிப் பூசணிதான், ஆனால் விதையில் மெல்லிய ஓடு உண்டு. வறுத்தால் ஓட்டோடு மெல்லலாம். பல் சரியில்லாதவர்களுக்கு வேண்டாம்.

என் ஓட்டு கக்காய்க்கு.

பாலிக் புலாவ் தோட்டம்

நல்ல பட்டியல். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். புதர் ரகம் என்றதும் கத்தரிச் செடி அளவுக்குக் கற்பனை செய்துகொள்ளக் கூடாது. பெப்போவில் உள்ள புதர் மரபணு, செடி இளசாக இருக்கும்போது கணுவுக்குக் கணு இடைவெளியைக் குறுக்கி வைக்கும். காய் பிடித்த பிறகு அதன் பிடி தளர்ந்துவிடும், நுனி மெல்ல ஊர ஆரம்பிக்கும். கக்காய்க்கு எப்படியும் ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும். நாலடி அகல மண்ணில் இரண்டு செடிக்கு மேல் வைக்காதீர்கள். ஊருகிற நுனியைச் சுவரோரமாகத் திருப்பி விடுங்கள்.

சிராஸ் பதினேழாவது மாடி

நான் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். விதைக்காக வளர்க்கிறவர்கள் புதர் ரகத்தின் பின்னால் ஓடுவதே தப்பு என்பது என் எண்ணம். விதைக்குள் எண்ணெயும் புரதமும் நிரம்ப வேண்டும், அதற்கு இலை வேண்டும். குட்டையான செடியில் இலை குறைவு, இரண்டு பழம் பிடித்தாலே திணறும். பழம் பெரிதாக இருக்கும், உள்ளே விதை சப்பையாக இருக்கும். இடம் இல்லை என்றால் மேலே ஏற்றுங்கள். பால்கனிக் கம்பியில் வலை கட்டி நீளக் கொடியை ஏற்றினால் தரையில் பிடிக்கும் இடம் ஒரு பாலிபேக் மட்டும்தான். காற்றோட்டம் கிடைப்பதால் சாம்பல் நோயும் குறையும். பழத்தைத் தாங்க வெங்காயம் வருகிற வலைப்பை போதும்.

கெப்போங் கொடிமுந்திரி

மூன்று கிலோ பூசணியைப் பதினேழாவது மாடிக் கம்பியில் தொங்கவிடப் போகிறீர்களா? கீழே கார் நிறுத்துகிறவன் பாவம். நிர்வாக ஆபீசில் இருந்து கடிதம் வரும், பாருங்கள்.

சிராஸ் பதினேழாவது மாடி

கம்பிக்கு உள்பக்கம்தான் அண்ணே.

பாலிக் புலாவ் தோட்டம்

சிராஸ் சொல்வது வெறும் வாதம் இல்லை, உண்மை அதில் இருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் பிரெண்ட் லாய் என்ற ஆய்வாளர் அரை நூற்றாண்டுக்கு மேல் பூசணி இனங்களில் வேலை செய்தவர். ஓடில்லா ரகங்களை உருவாக்குவதில் நிறைய ஈடுபட்டார். அவர் ஆய்வுகளில் தெரிந்தது இது: பழம் முழு அளவுக்கு வந்து நிறம் மாறிய பிறகும் உள்ளே விதை நிரம்பிக்கொண்டே இருக்கும். மகரந்தம் சேர்ந்து ஐம்பது நாள் வரைக்கும் இலை உயிரோடு இருந்தால்தான் விதை கனமாகும்.

அதனால் புதரா கொடியா என்பதைவிட, அந்த ஐம்பது நாள் இலையைக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் நம் ஊரில் கேள்வி. மீனாவுக்கு மண் தரை இருக்கிறது. கக்காய் வைத்து, செடிக்கு ஒரு பழம், மிஞ்சினால் இரண்டு என்று நிறுத்திக்கொண்டால் விதை சப்பையாகாது. சிராஸ் மாதிரி பால்கனி வைத்திருப்பவர்களுக்கு நேக்கட் பேரை வலையில் ஏற்றுவது சரி. ஆனால் பாலிபேக் நாற்பது லிட்டருக்குக் குறையக் கூடாது.

பட்டர்வொர்த் பாட்டி

தம்பிகளா, ரகம் இருக்கட்டும், முளைக்க வைப்பது எப்படி என்று யாரும் சொல்லவில்லையே. ஓடு இல்லாத விதைக்கு மண்ணில் எந்தக் காவலும் கிடையாது. நாட்டு லாபு மாதிரி குழி தோண்டிப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் மூன்றாம் நாள் கூழாகிவிடும். கூழாகாததை எறும்பு தூக்கிக்கொண்டு போகும்.

புது கோகோபீட்டை (தேங்காய் நார்த்தூள்) நனைத்து, கையில் இறுக்கிப் பிழிந்து, சொட்டாத பதத்தில் நாற்றுத் தட்டில் நிரப்பணும். மண் கலக்கக் கூடாது, கோழி எரு கூடவே கூடாது. விதையை ராத்திரி முழுக்க ஊறப்போடும் பழக்கம் இதற்கு ஆகாது. அப்படியே காய்ந்த விதையை ஒரு விரல்கணு ஆழத்தில் படுக்க வைத்து மூடணும். மழை படாத, வெளிச்சமான இடத்தில் தட்டை வைத்து, முளை தெரியும் வரைக்கும் திரும்பத் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் சூட்டுக்கு ஒரு வாரத்துக்குள் தலை நீட்டிவிடும். தட்டு வைத்த ஸ்டூலின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது, அந்தக் காலத்துச் சாப்பாட்டு அலமாரி மாதிரி.

இரண்டு நிஜ இலை வந்ததும் வேரை அசைக்காமல் தரைக்கு மாற்றுங்கள். அப்புறம் ஆரஞ்சு நிறத்தில் சின்ன வண்டு வரும், பூசணி வண்டு. நாற்றை ஒரே நாளில் சல்லடையாக்கிவிடும். பூ வரும் வரைக்கும் கொசுவலைத் துணி போட்டு மூடி வைப்பது நல்லது.

செத்தாப்பாக் மீனா

பாட்டி, இதைத்தான் எதிர்பார்த்தேன். நன்றி. தரையில் மேடு கட்ட வேண்டுமா?

பட்டர்வொர்த் பாட்டி

கட்டாயம். முழங்கால் பாதி உயரத்துக்கு. ஒரு மணி நேரம் கொட்டுகிற மழையில் தண்ணீர் நின்றால் வேர் போய்விடும். மக்கின எருவை நடுவதற்கு முன்பே மண்ணில் கலந்துவிடு. கொடிக்கு அடியில் காய்ந்த லாலாங் புல்லைப் பரப்பினால் மண் தெறித்து இலையில் படாது.

கிள்ளான் பாஸ்கர்

சரி, பிடிவாதமாகப் போடப் போகிறீர்கள். அப்படியென்றால் ஈயைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். கடையில் பழ ஈப் பொறி என்று ஒரு சின்னக் குப்பி விற்பான், மெத்தில் யூஜினால். மா, பெலிம்பிங் (நட்சத்திரப் பழம்), கொய்யாவுக்கு வருகிற ஈதான் அதில் விழும். பூசணி, பீர்க்கு, பாகலில் துளை போடுவது வேறு ஈ, அது அந்த வாசனைக்கு வராது. அதற்குக் கியூ லூர் என்ற மருந்து வேண்டும். பொறியில் நூறு ஈ செத்துக் கிடக்கும், காய் மட்டும் அழுகிக்கொண்டே இருக்கும். ஏன் என்று புரியாமல் முழிப்பவர்கள் எங்கள் தாமானிலேயே பாதிப் பேர்.

இந்த இரண்டு வாசனைப் பொறியும் ஆண் ஈயைத்தான் பிடிக்கும். நிச்சயமான வழி, பிஞ்சு பிடித்த அன்றே பையைக் கட்டுவது. முட்டை அளவுக்குள் கட்டிவிட வேண்டும். தோல் கெட்டியான பிறகு ஈயால் துளைக்க முடியாது, அப்போது கழற்றிவிடலாம்.

குவாச்சி ரசிகன்

வேண்டாம் என்று தொடங்கியவர்தான் இழையிலேயே உருப்படியான குறிப்பு கொடுத்திருக்கிறார்.

சிராஸ் பதினேழாவது மாடி

பூ விஷயமும் சொல்லிவிடுகிறேன். முதலில் வரும் பூவெல்லாம் ஆண் பூ. பயந்து உரத்தை அள்ளிப் போடாதீர்கள். தழைச்சத்து கூடினால் இலை கூடும், பெண் பூ இன்னும் தள்ளிப்போகும். மொட்டு கட்டும்போது சாம்பல்சத்து கூடுதலாக உள்ள உரத்துக்கு மாறுங்கள். பெண் பூவின் அடியில் குட்டிப் பூசணி இருக்கும், பார்த்தாலே தெரியும்.

பூ விடியும்போது விரிந்து, வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். காலை ஏழரை மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுத் தண்டால் பெண் பூவின் மூன்று மடல்களிலும் தடவ வேண்டும். ஒரு மடலில் மட்டும் தடவினால் பழம் ஒரு பக்கம் கோணும், விதையும் குறையும். விதைக்காக வளர்க்கும்போது இதில் சோம்பல் படக் கூடாது. முதல் நாள் மாலையே மறுநாள் விரியப் போகும் மொட்டுகளை நூலால் கட்டி வைத்தால் ராத்திரி மழையிலும் மகரந்தம் நனையாது.

ஈப்போ ரோடு சுகுமார்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பாடும் எத்தனை கிராமுக்கு?

பாலிக் புலாவ் தோட்டம்

நியாயமான கேள்வி. ஸ்டிரியாவில் ஒரு லிட்டர் எண்ணெய்க்கு இரண்டரை முதல் மூன்று கிலோ காய்ந்த விதை போகும், அதற்கு முப்பது பழத்துக்குக் குறையாமல் வேண்டும் என்பார்கள். ஆக அங்கே வயலில் விளையும் பெரிய பழத்திலேயே நூறு கிராமுக்கு உட்பட்டுத்தான் விதை. செத்தாப்பாக் பின்கட்டில் இரண்டு செடி, மொத்தம் மூன்று பழம் பிடித்தால் இருநூறு கிராம் என்று வையுங்கள். மாமியார் தினம் ஒரு கரண்டி சாப்பிட்டால் மூன்று வாரத்துக்கு வரும்.

காசுக் கணக்குப் பார்த்தால் கடையில் வாங்குவதுதான் மலிவு. யாரும் இல்லை என்று சொல்லப் போவதில்லை.

ஈப்போ ரோடு சுகுமார்

அப்போ பழச்சதை இருக்கிறதே, சாம்பாருக்கு ஆகுமே?

கெப்போங் கொடிமுந்திரி

ஆகாது சுகுமார். விதைக்காகத் தேர்ந்தெடுத்த ரகங்களில் சதை நாராக, நீர்த்து, இனிப்பில்லாமல் இருக்கும். தேங்காய் அரைத்துக் கூட்டு வைத்தால் ஒப்பேறலாம். பொங்கலுக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் வாங்குகிற பூசணியோடு ஒப்பிடவே முடியாது. அதற்கு லாபு மானிஸ்தான்.

கிள்ளான் பாஸ்கர்

நான் முதலிலேயே சொன்னேன்.

செத்தாப்பாக் மீனா

மூன்று வாரத்துக்கு வந்தாலும் போதும். மாமியாரே காலையில் பூத் தடவுவதாகச் சொல்லிவிட்டார், அவருக்குப் பொழுது போக வேண்டும். விதை எங்கே வாங்குவது? வெளிநாட்டுத் தளத்தில் நேராக ஆர்டர் போடலாமா?

குவாச்சி ரசிகன்

போடாதீர்கள். சாகுபடி விதையைத் தபாலில் தருவிக்க இறக்குமதி அனுமதி வேண்டும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். இல்லையென்றால் எல்லைச் சோதனையில் பிடித்து அழித்துவிடுவார்கள். ஒரு உறை விதைக்கு இந்த அலைச்சல் கட்டுபடியாகாது. முறைப்படி இறக்குமதி செய்து சில்லறையில் விற்கிற உள்ளூர் ஆட்கள் இருக்கிறார்கள். வாங்கும்போது பேக் செய்த தேதியைக் கேளுங்கள். ஓடில்லா விதைக்கு ஆயுசு குறைவு, எண்ணெய் சிக்கெடுத்துவிடும். வந்ததும் குளிர்பெட்டியில் வையுங்கள்.

சிராஸ் பதினேழாவது மாடி

அடுத்த பருவத்துக்கு விளைந்த பழத்திலிருந்தே விதை எடுத்துக்கொள்ளலாமா? பக்கத்தில் எல்லாரும் லாபு போட்டிருக்கிறார்கள், கலந்துவிடாதா?

பாலிக் புலாவ் தோட்டம்

லாபு வேறு இனம், பெப்போவோடு எளிதில் சேராது. பயப்பட வேண்டியது சுக்கினிக்கும் மற்ற பெப்போ பூசணிகளுக்கும். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. விதையின் மேலோடு தாய்ச் செடியின் உடம்பு. அதனால் சுக்கினி மகரந்தம் பட்டாலும் இந்தத் தடவை பிடிக்கிற விதையில் ஓடு வராது, தாராளமாகச் சாப்பிடலாம். அந்த விதையை நட்டு வரும் செடியின் பழத்தில்தான் ஓடு திரும்பி வரும், ஏனென்றால் ஓடில்லாத் தன்மை ஒடுங்கு பண்பு, தாய் தந்தை இரண்டு பக்கமும் இருந்து வந்தால்தான் வெளியே தெரியும். கையால் மகரந்தம் தடவி, உடனே பூவைக் கட்டிவிட்டால் கலப்பு இல்லை. கலப்பினமாக வாங்கியதில் விதை எடுத்தால் செடிக்குச் செடி வேறுபடும். லேடி கோடைவாவும் ஸ்டிரியாவின் பழைய ரகமும் கலப்பினம் இல்லை, அவற்றில் எடுக்கலாம்.

சேமித்த விதையில் வந்த காய் நாக்கில் வைத்ததும் கசந்தால் துப்பிவிட்டு முழுதையும் வீசுங்கள். அது விஷக் கசப்பு, வேகவைத்தாலும் போகாது.

பட்டர்வொர்த் பாட்டி

அறுவடை பற்றி ஒரு வார்த்தை. காம்பு காய்ந்து கட்டையாகும் வரைக்கும் பறிக்க வேண்டாம். பறித்த பழத்தை நிழலில் ஒரு வாரம், பத்து நாள் வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். ஓடு இல்லாததால் விதை பழத்துக்குள்ளேயே முளைவிடும். வெட்டியதும் பார்த்தால் வெள்ளை வால் வால்களாக இருக்கும், அப்புறம் சாப்பிட லாயக்கில்லை.

விதையை நாரோடு ஊறப்போட்டுப் புளிக்க விடாமல் உடனே கழுவு. முறத்தில் பரப்பி முதல் நாள் மின்விசிறி, மறுநாள் வெயில். மழை என்றால் கேக் சுடுகிற மின்னடுப்பை ஐம்பது, அறுபது டிகிரியில் வைத்து, விதையை உள்ளே பரப்பிக் கதவைக் கொஞ்சம் திறந்து விடு. இரண்டாக ஒடித்தால் பட்டென்று முறிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம். வறுக்க வாணலி போதும். சிறு தீயில் படபடவென்று பொரிந்து உப்பும்போது இறக்கி உப்புத் தண்ணீர் தெளித்துப் புரட்டு. மீதியை முந்திரிக்குப் பதிலாகக் குருமாவுக்கு அரைக்கலாம். குழம்பு இலேசாகப் பச்சை அடிக்கும், ருசி குறையாது.

செத்தாப்பாக் மீனா

கக்காய் என்றே முடிவு செய்துவிட்டேன், இரண்டு செடி. எப்போது விதைக்கலாம்?

பாலிக் புலாவ் தோட்டம்

கோலாலம்பூர் என்றால் ஏப்ரல் மழை ஓய்ந்ததும், மே நடுவில். ஜூன் கடைசி, ஜூலையில் பூக்கும். அது கொஞ்சம் மழை குறைந்த காலம், ஆகஸ்ட் கடைசியில் பழம் எடுத்துவிடலாம். அக்டோபர், நவம்பர் மழைக்குள் செடி தரையில் இருக்கக் கூடாது. பினாங்கில் எங்களுக்கு டிசம்பரில் விதைத்தால் ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் பூ வரும்.

பட்டர்வொர்த் பாட்டி

ஒரு உறையில் பத்து விதையாவது இருக்கும். நாலு போடு, இரண்டு நன்றாக வந்ததை வைத்துக்கொள். மீதியைக் குளிர்பெட்டியில் வைத்து வீணாக்காமல் யாருக்காவது கொடு.

கிள்ளான் பாஸ்கர்

மிஞ்சினால் எனக்கு இரண்டு விதை அனுப்புங்கள் அக்கா. லாபு பந்தலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது.